ஒரே பெண்ணும் நூறு ரூபாய்ப் பத்திரமும்

தர்மபுரி மாவட்டத்தில் மழை பொய்த்த வருடங்கள் உண்டு. ஆராய்ச்சியாளர்கள் பொய்த்த வருடம் எனக்குத் தெரிந்து ஒன்றுகூட இல்லை. மொரப்பூரில் ரயிலைவிட்டு இறங்கி, தோளில் ஜோல்னாப் பையும் கக்கத்தில் கேள்வித்தாள் கட்டுமாக வந்துகொண்டே இருந்தார்கள். எங்கள் பிள்ளைகளின் பல் கறையைப் பார்க்க ஒரு கூட்டம், கர்ப்பிணிகளின் ரத்தத்தைப் பார்க்க ஒரு கூட்டம், பிறந்து செத்த பெண் சிசுக்களை எண்ண ஒரு கூட்டம், பெண்ணை எந்த வயதில் கட்டிக்கொடுக்கிறோம் என்று கேட்க இன்னொரு கூட்டம். 2011 கணக்கெடுப்பிலும் எழுத்தறிவில் தமிழ்நாட்டின் கடைசி மாவட்டம் எங்களுடையதுதான், 68.54 விழுக்காடு. எங்களைப் பற்றி எழுதியவர்கள் அதனால் எங்களிடம் திட்டு வாங்காமல் தப்பித்தார்கள்.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாகச் சேர்ந்தேன், 1980-களின் கடைசியில். என் ஊர் ஏரியூர் பக்கத்து மானாவாரிக் கிராமம். சமூகவியல் எம்.ஏ. படித்து, யு.ஜி.சி. தேர்வில் தேறி, ஜே.ஆர்.எப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகையாக மாதம் 1,800 ரூபாய் உத்தரவானது. கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"எதுக்குக் குடுக்கறாங்க?"

"ஊர் ஊராப் போயி ஜனங்க என்ன தண்ணி குடிக்கறாங்க, அதனால என்ன கஷ்டம்னு கேட்டு எழுதணும்."

"அதைச் சொல்றதுக்கு நானே போதுமே. எனக்குப் பாதி குடுக்கச் சொல்லு."

அப்பா கேட்டது நியாயம்தான் என்பது வேலையில் இறங்கிய பிறகே புரிந்தது. எங்கள் பகுதியில் கிணறு வற்றியபோது ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். பாறைக்குள் ஆழமாகப் போகப்போக, பாறையில் இருக்கிற புளோரைடு தண்ணீரில் கரைந்து ஏறி வந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆகாது என்பது கணக்கு. பென்னாகரம், பாலக்கோடு பக்கம் பல கிராமங்களில் தண்ணீர் அந்தக் கணக்கை மதிக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பல் காவியேறும், பெரியவர்களுக்கு முட்டி மடங்காது, முதுகு நிமிராது. பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைச் சிரிக்கச் சொல்லிப் பார்த்த ஊர் எங்களுடையது.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. 1937-லேயே கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி மூவரும் நெல்லூர் மாவட்டத்தில் இதே நோயைப் பார்த்து எழுதிவிட்டார்கள். நெல்லூர் அன்றைக்கு இதே சென்னை மாகாணம்தான். அந்தப் பண்டிட் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநராகவும் ஆனார். அந்தக் கழகம்தான் இன்றுவரை நாட்டில் சுகாதார ஆராய்ச்சிக்கு உதவித்தொகை தரும் பெரிய வீடு. ஆராய்ச்சி செய்தவர் மேலே போனார், தண்ணீர் கீழேயே இருந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனில் தொடங்கி, எங்கள் பக்கம் காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது 2013-ல். நெல்லூரில் கட்டுரை எழுதி 76 வருடம். நடுவில் எத்தனை பேர் எங்கள் பல்லைப் படம் பிடித்துப் பட்டம் வாங்கினார்கள் என்பதற்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. அதற்கு உதவித்தொகை கிடையாதே.

1,800 ரூபாய் அன்றைக்குக் குறைந்த பணம் இல்லை. குறை அது வந்த விதத்தில். டெல்லியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வர வேண்டும், நிதிப் பிரிவு தூங்கி எழ வேண்டும், வழிகாட்டிப் பேராசிரியர் 'ஆய்வாளர் ஒழுங்காக வருகிறார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். களத்தில் இருந்தால்தான் ஆய்வு நடக்கும். களத்தில் இருந்தால் துறைக்கு வரவில்லை என்று ஆகிவிடும். ஆகவே சம்பளம் வேண்டுமென்றால் வேலை செய்யக் கூடாது. இந்தத் தர்க்கத்தை எனக்கு விளக்கிய கிளார்க் நல்ல மனுசர், டீ வாங்கிக் கொடுத்தே விளக்கினார்.

அதைவிடப் பெரிய வேடிக்கை தணிக்கை. சில்லறைச் செலவுக்கு என்று வருடத்துக்கு ஒரு தொகை உண்டு. பஸ் டிக்கெட்டுகளை ஒரு முழுத்தாளில் வரிசையாக ஒட்டி, கீழே கூட்டுத்தொகை எழுதிக் கொடுக்க வேண்டும். வத்தல்மலைக்குப் போன செலவுக்கு டிக்கெட் எங்கே என்று ஆட்சேபம் வந்தது. வத்தல்மலைக்கு அன்று பஸ்ஸே கிடையாது. அடிவாரத்திலிருந்து நடந்துதான் ஏற வேண்டும். அதை எழுதிக் கொடுத்தேன். 'நடந்து சென்றதற்கு ஆதாரம் இணைக்கவும்' என்று பதில் வந்தது. செருப்பை இணைத்து அனுப்பலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். நான் ஊராட்சித் தலைவரிடம் ஒரு சான்று வாங்கி அனுப்பினேன். 'மேற்படியார் நடந்து வந்ததை நேரில் பார்த்தேன்' என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். பணம் பாஸானது.

ஊர்க்காரர்கள் என்னை நம்பவில்லை. கையில் நோட்டும் பேனாவுமாகத் தெருவுக்குள் வருகிற ஆம்பளை என்றால் அன்று ஒரே அர்த்தம்தான்: குடும்பக் கட்டுப்பாட்டு முகாமுக்கு ஆள் பிடிக்க வந்திருக்கிறான். நான் நுழைகிற தெருவில் வேட்டிகள் மறைந்துவிடும். கிழவிகள் மட்டும் திண்ணையில் இருப்பார்கள். என் ஆய்வேட்டில் தகவல் தந்தவர்களில் மூதாட்டிகள் ஏன் இத்தனை பேர் என்று வாய்மொழித் தேர்வில் கேட்டார்கள். 'மரபறிவு காரணமாக' என்று சொன்னேன்.

என் தொகை வராத மாதங்களில் வெளிநாட்டுத் தொகை கைகொடுத்தது. 1986-ல் ஓர் ஆங்கிலப் பத்திரிகை உசிலம்பட்டியின் பெண் சிசுக்கொலையை நாட்டுக்கே காட்டிக்கொடுத்த பிறகு, அடுத்த உசிலம்பட்டி எது என்று தேடியவர்களின் கண் சேலத்திலும் தர்மபுரியிலும் வந்து நின்றது. 1990-களில் கடல் தாண்டி வந்த ஆய்வு மாணவர்களுக்குத் துபாஷி வேலை பார்த்தேன். அவர்களுக்குக் கொடுத்த உதவித்தொகையில் விமான டிக்கெட், காப்பீடு, மலேரியா மாத்திரை, துபாஷிக் கூலி எல்லாம் தனித்தனி இனமாக இருந்தது. சாயங்காலமே எண்ணிக் கொடுத்துவிடுவார்கள், ரசீதுகூட அவர்களே எழுதிக்கொள்வார்கள். நம் அரசாங்கம் எனக்குக் கொடுத்ததைவிட எங்கள் ஊர்த் துக்கத்தை மொழிபெயர்த்ததற்கு வந்த கூலி ஒழுங்காக வந்தது.

அவர்கள் தேடிய விடை ஒன்றும் கள்ளிக்காட்டில் புதைந்து கிடக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து அலமாரியில் இருந்தது. பிறந்த குழந்தை எத்தனை, ஏழாம் நாளுக்குள் இறந்தது எத்தனை, அதில் பெண் எத்தனை என்று கிராம சுகாதாரச் செவிலியர் பெரிய பதிவேட்டில் கோடு போட்டு எழுதியே வைத்திருந்தார். அந்தப் பதிவேடுகளை எடுத்து வைத்து ஷீலா ராணி சுங்கத்தும் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் 1997-ல் எழுதிய கட்டுரைதான் எந்தெந்த மாவட்டத்தில் பெண் சிசுக்கொலை எவ்வளவு என்பதை ஆதாரத்தோடு முன்வைத்தது. ஒருவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி, மற்றவர் பொருளாதாரப் பேராசிரியர். இருவரையும் மெச்சுகிறேன். ஆனால் மொட்டை வெயிலில் சைக்கிள் மிதித்து அந்த எண்ணிக்கையை எழுதிய செவிலியர்தான் இந்த மாவட்டத்தின் முதல் சுகாதார ஆராய்ச்சியாளர் என்பது என் கட்சி. அவருக்கு ஜே.ஆர்.எப். கிடையாது, சைக்கிள் பஞ்சர் ஒட்டக்கூடப் படி கிடையாது.

இன்னொரு பக்கம், 1993-ல் ரெஜி, லலிதா என்ற டாக்டர் தம்பதி அரூர்ப் பக்கம் சித்தேரி, கல்ராயன் மலைகளுக்கு நடுவே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் ஒரு குடிசையில் ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். அப்போது அங்கே ஆயிரம் குழந்தை பிறந்தால் 147 முதல் வருடத்தைத் தாண்டவில்லை. அந்த எண்ணை அவர்கள் ஆய்வேட்டுக்காக எடுக்கவில்லை. பழங்குடிப் பெண்களையே பயிற்றுவித்து எண்ணைக் குறைத்தார்கள். கிராம ஆஸ்பத்திரிகளில் தங்கிக் கற்றுக்கொள்ள இளம் டாக்டர்களுக்கு உதவித்தொகை கொடுக்கும் இடமாகவும் அது பின்னாளில் வளர்ந்தது. இந்த மாவட்டத்துக்கு வெளியிலிருந்து வந்து எடுத்துக்கொண்டு போனவர்களையே பார்த்த கண்ணுக்கு, இங்கே உட்கார்ந்து கொடுத்தவர்களைப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

இனி இந்தக் காலம்.

என் தங்கச்சி மகள் பிறந்தது 2001 கடைசியில். 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் தர்மபுரிக்கு நீண்டதும் அதே வருடம்தான். பிள்ளை வேண்டாமென்றால் கொல்லாதே, தொட்டிலில் போட்டுவிட்டுப் போ என்று அரசாங்கம் எங்கள் மாவட்டத்தைக் கேட்டுக்கொண்ட வருடம். அந்த வருடக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்டவர்களில் ஆயிரம் ஆண் பிள்ளைக்கு 826 பெண் பிள்ளைதான் இங்கே. தங்கச்சி ஒரு பெண்ணோடு நிறுத்தி ஆபரேஷன் செய்துகொண்டாள். மாமியார் ஆறு மாதம் பேசவில்லை. பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தில் பாப்பா பேருக்கு 22,200 ரூபாய் வைப்பு நிதி கிடைத்ததும் பேச ஆரம்பித்தார்.

அந்தப் பாப்பா எம்.எஸ்.டபிள்யூ. முடித்து இப்போது பி.எச்டி. செய்கிறாள். பதினெட்டு வயது நிறையாத தாய்மார்களின் உடல்நலம் அவள் தலைப்பு. அவளுக்கு என்ன உதவித்தொகை கிடைக்கும் என்று பார்க்க ஒரு நாள் உட்கார்ந்தோம். என் காலத்தில் ஒரே கதவு. அதைத் தட்டி, திறந்தால் உண்டு, இல்லாவிட்டால் ஊரைப் பார்த்துப் போக வேண்டியது. இப்போது தெரு முழுக்கக் கதவுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பலகை. ஜே.ஆர்.எப். 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000. முதலமைச்சர் பேரில் ஓர் ஆராய்ச்சி உதவித்தொகை, மாதம் 25,000, ஆனால் மாநிலம் முழுக்கச் சொற்பப் பேருக்கே. ஆதிதிராவிடர், பழங்குடியின முழுநேர ஆய்வாளர்களுக்கு மாநில அரசு தருவது வருடத்துக்கு 1 லட்சம். மாதக் கணக்கில் வகுத்துப் பார்த்தால் 8,333. மத்தியப் பல்கலைக்கழகத்தில் படித்தால் எந்தத் தேர்வும் தேறாமலே 8,000 உண்டு. அந்த 8,000 பல வருடங்களாக அசையாமல் அங்கேயே நிற்கிறது, மாநிலப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைக்கு அதுவும் இல்லை. சிறுபான்மையினருக்கான மவுலானா ஆசாத் உதவித்தொகையை 2022-ல் நிறுத்தியே விட்டார்கள். நோயாளியைத் தொடுகிற எம்.டி. மாணவருக்கு மாதம் பிறந்தால் ஸ்டைபண்ட். நோய் ஏன் வருகிறது என்று தெருவில் போய்க் கேட்கிற பிள்ளைக்கு மட்டும் இத்தனை கதவு, இத்தனை பூட்டு.

ஒரு பலகையில் மட்டும் பாப்பாவின் பேரே எழுதியிருந்தது போல இருந்தது. சாவித்திரிபாய் ஜோதிராவ் பூலே பேரில், உடன்பிறப்பே இல்லாத ஒற்றைப் பெண் குழந்தைக்கு யு.ஜி.சி. தரும் உதவித்தொகை. தேர்வு கிடையாது. அண்ணன் தம்பி, அக்கா தங்கை இருக்கக் கூடாது. இரட்டைப் பெண்கள் என்றால் பரவாயில்லை. தொகை ஜே.ஆர்.எப். அளவுக்கே. பெண் பிறந்ததற்காக மாமியார் முகம் திருப்பிய வீட்டில், பெண்ணாக, ஒற்றையாகப் பிறந்ததற்காகவே மாதம் 37,000. தர்மபுரியில் இந்தத் திட்டத்தைப் படித்துவிட்டுச் சிரிக்காதவர் இந்த ஊர்க்காரராக இருக்க முடியாது.

சிரித்து முடித்த பிறகு நிபந்தனையைப் படித்தோம். ஒரே பெண் என்பதை 100 ரூபாய் முத்திரைத்தாளில் உறுதிமொழியாக எழுதி, தாசில்தாருக்குக் குறையாத அதிகாரியிடம் சான்றொப்பம் வாங்க வேண்டும். ஒரு தாலுகா ஆபீசுக்குப் போனோம். நான் பத்திரத்தை நீட்டினேன். கிளார்க் பாப்பாவைப் பார்க்காமல் பத்திரத்தைப் பார்த்தார்.

"கூடப் பொறந்தவங்க இல்லைன்னு எப்படிங்க நம்பறது?"

ரேஷன் ஸ்மார்ட் கார்டை எடுத்து வைத்தேன். குடும்பத்தில் மூன்றே பேர்.

"கார்டுல பேர் இல்லைன்னா ஆள் இல்லைன்னு அர்த்தமா?"

அவர் சட்டம் பேசினார், குதர்க்கம் பேசவில்லை. இந்த மாவட்டத்தில் அதைவிடக் கூர்மையான கேள்வியை ஒரு ஆராய்ச்சியாளரும் கேட்டதில்லை. மூத்த பெண்ணை வைத்துக்கொண்டு, அடுத்து வந்த பெண்களைப் பேர் வைக்குமுன்பே முடித்த வீடுகள் இங்கே இருந்தன. அந்த வீட்டுப் பெண்ணும் இன்று சட்டப்படி ஒற்றைப் பெண்தான், அதே 100 ரூபாய்ப் பத்திரத்தில் அதே வாசகத்தை எழுதி அதே தொகையை வாங்க முடியும். தங்கச்சி ஆபரேஷன் செய்துகொண்ட சான்றை அம்மா டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார், அதைக் காட்டித் தப்பித்தோம். கிளார்க் முகம் மலர்ந்து, "இதை மொதல்லயே காட்டியிருந்தா ஒரு நடை மிச்சம்" என்றார்.

தொகை உத்தரவானது. வருவதுதானே கதை. அன்றைய கிளார்க்குக்குப் பதில் இன்று ஒரு போர்ட்டல். மாதாமாதம் பல்கலைக்கழகத்தில் 'மேக்கர்' என்ற ஒருவர் பாப்பா ஆய்வு செய்கிறாள் என்று பதிய வேண்டும், 'செக்கர்' என்ற இன்னொருவர் ஆமாம் போட வேண்டும், பிறகு பணம் வங்கி வழியாக நேரே கணக்கில் விழும். மேக்கர் விடுப்பில் போனால் செக்கருக்கு வேலையில்லை, செக்கர் மாற்றலாகிப் போனால் மேக்கருக்குப் பாஸ்வேர்டு தெரியாது. ஓ.டி.பி. பாப்பாவின் போனுக்கு வரும். அவள் ஏரியூர்க் காட்டில் ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையில் இருப்பாள், சிக்னல் இருக்காது. போன பொங்கலுக்கு வந்து விழுந்த பணம் அதற்கு முந்தைய ஆடியில் வர வேண்டியது. மொத்தமாக வந்ததால் லட்சத்தைத் தாண்டியிருந்தது. அவள் அப்பா அதைப் பார்த்து, ஆராய்ச்சியில் இவ்வளவு சம்பளமா என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஆடியிலிருந்து பொங்கல் வரை அவரிடமே கடன் வாங்கிப் பஸ் ஏறியதை மறந்துவிட்டார்.

பஸ் டிக்கெட் ஒட்டுவது மட்டும் மாறவில்லை. ஒட்டி, ஸ்கேன் எடுத்து ஏற்ற வேண்டும். மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்துவிட்டதால் அவளிடம் இருப்பதெல்லாம் பூஜ்யம் ரூபாய் டிக்கெட். அதையும் ஒட்டுகிறாள். கூட்டுத்தொகை பூஜ்யம் என்றாலும் கணக்கு கணக்குதானே மாமா என்கிறாள்.

களத்தில் நிலைமை தலைகீழ். நான் கேள்வி கேட்டபோது யாரும் யாரிடமும் ஒப்புதல் கேட்டதில்லை. பிள்ளையின் வாயைத் திறந்து பல்லைப் படமெடுத்துக்கொண்டு போனார்கள், அந்தப் படம் எந்த நாட்டில் எந்தப் புத்தகத்தில் இருக்கிறதோ. இப்போது ஒழுங்குநெறிக் குழு அனுமதி வேண்டும், பக்கம் பக்கமாக ஒப்புதல் படிவம் வேண்டும், படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். இது வந்தது நல்லது என்று மனதாரச் சொல்வேன். கிழவிகளுக்குத்தான் பிடிக்கவில்லை. "கேக்கறதைக் கேளு கண்ணு, சொல்றேன். கைநாட்டு மட்டும் கேக்காத. எம் மவன் அப்படித்தான் கேட்டு நெலத்தை எழுதி வாங்கிட்டான்."

என்னைக் குடும்பக் கட்டுப்பாடு ஆள் என்று பயந்தார்கள். பாப்பாவைப் போலீஸ் என்று பயப்படுகிறார்கள். அதில் பாதி உண்மையும் இருக்கிறது. பதினெட்டு நிறையாத பெண் கர்ப்பமாக இருப்பது தெரிந்தால் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் எவரானாலும் தகவல் சொல்லியாக வேண்டும், ஆராய்ச்சி மாணவிக்கு விலக்கு இல்லை. ஆகவே அவள் தலைப்பில் இருக்கிற தாய்மார்கள் யாருமே அவள் முன்னால் பதினேழு என்று சொல்வதில்லை. எல்லோருக்கும் பத்தொன்பது. முன்பு குழந்தை பிறந்த தடமே இல்லாமல் போகும். இப்போது வயிற்றில் இருக்கும்போதே பன்னிரண்டு இலக்க எண் கொடுத்துப் பதிந்துவிடுகிறார்கள். செவிலியரின் பெரிய பதிவேடு போய்க் கையில் டேப்லெட். எண்ணிக்கை துல்லியம், வயது மட்டும் தமிழ்நாட்டு வழக்கப்படி.

நம் ஊரில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் நர்சிங் படிக்கிறவர்களுக்குத் தந்துவந்த உதவித்தொகையை 2017-ல் நிறுத்திக் கடனாக்கினார்கள். படிக்க வருகிறவர்கள் குறைந்தார்கள், 2020-ல் வருடத்துக்கு 5,000 பவுண்டு என்று திரும்பக் கொடுக்க ஆரம்பித்தார்கள். கொடுத்ததை நிறுத்தினால் ஆள் வராது என்பதைத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு மூன்று வருடம் பிடித்தது. கொடுப்பதாகச் சொன்னதை மாதம் தவறாமல் கொடுத்தால் ஆள் வரும் என்பதைத் தெரிந்துகொள்ள நமக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் வேண்டியிருக்கிறது போலும்.

2011-ல் தர்மபுரியின் குழந்தைப் பாலின விகிதம் 826-லிருந்து 913-க்கு ஏறியது. அந்த ஏற்றத்தில் வளர்ந்த பெண்கள் இன்று கல்லூரியில் இருக்கிறார்கள், சிலர் முதுகலையில். பென்னாகரம், ஏரியூர், பாப்பாரப்பட்டி, அரூர்ப் பக்கம் சமூகப்பணி, நர்சிங், பொதுச் சுகாதாரம், உளவியல் படித்துவிட்டு மேலே என்ன என்று யோசிக்கிற பெண் யாராவது இதைப் படித்தால், தயங்காமல் விண்ணப்பியுங்கள். பி.எச்டி. முழுநேரப் பதிவாக இருக்க வேண்டும், பகுதிநேரம் செல்லாது. ஆதாரை வங்கிக் கணக்கோடு இணைத்து வையுங்கள். அம்மாவின் பழைய காகிதம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். மேக்கர், செக்கர் இருவரின் கைபேசி எண்ணும் உங்களிடம் இருக்கட்டும். முதல் தவணை வரும்வரை, அரை வருடமாவது, சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் வீட்டில் யாரிடமாவது சொல்லி வையுங்கள். பஸ் இப்போது இலவசம், அதனால் சாப்பாட்டுக்கு மட்டும் சொன்னால் போதும்.